சீட் கம்பியில் இரண்டு கோடுகள்

அவளுக்குக் கொக்கியக்கா என்று முதலில் பேர் வைத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் அளவெடுக்கும் வேலை. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நடைபாதையில் ஒரு சின்னக் குழி. குழிக்கு ஒரு இரும்பு மூடி. மூடிக்கு அடியில் மீட்டர். அந்தக் காலத்தில் அளவெடுப்பவர்கள் வாசலுக்கு வாசல் சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, குந்தி உட்கார்ந்து, விரலை விட்டு மூடியைத் தூக்குவார்கள். ஒரு நாளைக்கு இருநூறு வீடு. இருநூறு முறை குந்தி எழுந்தால் மனுஷன் என்ன ஆவான்?

அவள் இறங்கவே மாட்டாள். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தாள். நடைபாதையை ஒட்டி வந்து நிற்பாள். இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் பதியும். ஹேண்டில்பாரில் தொங்கும் நீளக் கொக்கியை எடுப்பாள். மூடியின் ஓட்டையில் மாட்டி ஒரு இழுப்பு. எட்டிப் பார்ப்பாள். எண்ணை எழுதுவாள். மூடி 'டங்'கென்று விழும்போது அடுத்த வீட்டுக்குப் பாதி தூரம் போயிருப்பாள். வீட்டுக்குள் இருப்பவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே மாதம் பிறந்ததைத் தெரிந்துகொள்வார்கள்.

சைக்கிள் அவள் கணவருடையது. ஆண்கள் ஓட்டும் குறுக்குக் கம்பி வண்டி. அவரும் இதே அலுவலகத்தில் இதே வேலையில் இருந்தவர். ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது, மகளுக்கு நாலு. அலுவலகம் அவருடைய இடத்தில் அவளைப் போட்டது. உத்தரவில் 'கருணை அடிப்படையில்' என்று எழுதியிருந்தது. அவள் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வேறு வழியில்லை. ஆனால் அந்த வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

வண்டியின் பழைய பிரேக் கம்பி துருப்பிடித்துக் கழன்றபோது அதை அவள் எறியவில்லை. ஜன்னல் கிராதியில் கொடுத்து வளைத்தாள். அதுதான் கொக்கி. அலுவலகத்தில் முதலில் சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் ஆளுக்கொரு கொக்கி வைத்திருந்தார்கள். சீட்டுகளும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. 'ஒட்டகம்' என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு நெட்டை ஆள் இருந்தான். அவன்கூட இறக்கிவிட்டான். ஓட்டும்போது அவன் முட்டி இரண்டும் காதைத் தொடுவதுபோல இருக்கும்.

"டேய், முட்டியாலயே தலை சீவிக்குவ போலிருக்கே" என்பாள்.

"உன்னால வந்த வினைதான்க்கா" என்பான்.

இருபத்தாறு வருடம் அப்படியே ஓடியது. மகள் படித்தாள். ஒரு பெரிய மருத்துவமனையில் நடை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கால் ஊனமானவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள் வந்து நடப்பார்கள். எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று கருவி வைத்து அளப்பது அவள் வேலை. "என் பொண்ணு அடுத்தவங்க காலைப் புடிக்கிற வேலை பாக்குறா" என்று கொக்கியக்கா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். பெருமைதான். அவளுக்குப் பெருமையை நேராகச் சொல்லத் தெரியாது.

இருபத்தாறாம் வருடம் வலது முட்டி பேச ஆரம்பித்தது. முதலில் உள்ளே மணல் நெரிவதுபோல ஒரு சத்தம். பிறகு படியிறங்கும்போது குத்தல். அதற்குப் பிறகு பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவள் பொறுப்பிலிருந்த ஐந்தாம் வட்டத்தை முடித்து வருவதற்கு மணி ஒன்றாக இருந்தது இரண்டாகி, இரண்டரையும் ஆனது. எண்களைப் பதிவுசெய்யும் அறையை ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மூன்று முறை பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பினாள். நாலாவது முறை மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார்.

மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். முட்டிச்சில்லுக்கு அடியில் தேய்மானம். "சைக்கிளை விட்டுடுங்கம்மா." அவர் எழுதிக் கொடுத்த மருத்துவச் சீட்டு எப்படியோ அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது.

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. எதையும் காகிதத்தில் முடித்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான்.

"புகார் அறைல ஒரு நாற்காலி காலியா இருக்கும்மா. ஃபோன் வந்தா எடுக்கணும், எழுதிக்கணும். ஃபேன் இருக்கு. நிழல். இன்னும் அஞ்சு வருஷத்தை நிம்மதியா ஓட்டிடலாம்."

புகார் அறை அவளுக்குத் தெரியும். ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு ஃபோன், ஈரம் பூத்த சுவர். அதற்குமுன் அங்கே உட்கார்ந்திருந்தவர் மத்தியானம் தூங்கித் தூங்கிக் கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்துவிட்டவர்.

"நான் ஃபோனைப் பாத்து ஒக்காந்திருக்க வரல சார். தெருவுல போறவ."

"போக முடியலையேம்மா. அதானே பிரச்னை."

"முடியும்."

"மூணு தடவை கதவு சாத்தியிருக்கு."

"இன்னொரு தடவை பாருங்க. ஒரே ஒரு நாள். நேரத்துக்கு வரலேன்னா நானே போய் அந்த நாற்காலில ஒக்காந்துக்கறேன். நீங்க தள்ளவே வேணாம்."

அவர் பேனாவை மூடினார். கொஞ்சம் எரிச்சல்தான். "சரி. அஞ்சாம் வட்டம் முழுசா. மேட்டையும் சேத்து. இருநூத்திப் பதினாலு வீடு. ஒரு மணிக்குள்ள. பதினஞ்சு நாள் டைம்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேட்டை யாரும் ஒரே நாளில் சேர்ப்பதில்லை. நீர்த்தொட்டிக்கு ஏறும் சாலை அது. நானூறு மீட்டர் ஏற்றம். மேலே இருபத்தெட்டு வீடு. எல்லாரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள், அதையும் மறுநாள் காலையில்தான் வைத்துக்கொள்வார்கள்.

"சரி சார்" என்றாள். வெளியே வந்ததும் ஒட்டகம் ஓடிவந்தான்.

"அக்கா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? மேட்டை வேணாம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா குடுத்திருப்பாரு. குடுத்ததைக் காலம்பூரா சொல்லியும் காட்டுவாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஆய்வுக்கூடத்திலிருந்து சின்னக் கருவியைக் கடன் கேட்டு வாங்கி வந்தாள். மர முக்காலி இரண்டை அடுக்கிச் சைக்கிளின் பின்சக்கரம் தரையில் படாமல் கூடத்தில் நிறுத்தினாள். சக்கரத்தோடு ஒரு ரப்பர் பட்டையை உரசவிட்டாள், மிதிக்கப் பாரமாக இருக்கட்டும் என்று. அம்மாவின் வலது காலில் காசளவு வில்லைகளை ஒட்டினாள். முன்தொடையில் இரண்டு, பின்தொடையில் இரண்டு, கெண்டையில் இரண்டு, பிட்டத்தில் இரண்டு.

"அங்கெல்லாமா ஒட்டுவ?"

"பேசாம இரும்மா."

"ஆஸ்பத்திரில வர்றவங்களுக்கும் இதையேதான் பண்றியா? பாவம்டி."

"மிதி."

மிதித்தாள். திரையில் நாலு கோடுகள் ஓடின. முன்தொடைக் கோடு மலைமலையாக எழுந்தது. பின்தொடை சும்மா மூச்சுவிட்டது. பிட்டத்தின் கோடு கிட்டத்தட்ட நேர்கோடு.

"என்னடி சொல்லுது?"

"முன்தொடை மட்டும்தான் வேலை பாக்குது. அது இழுக்கற இழுப்பெல்லாம் முட்டிச்சில்லு மேலதான் விழும். பின்பக்கம் எதுவும் செய்யல."

"உள்ளதுலயே பெருசு அதுதானே?"

"ஆமா. ஒடம்புலயே பெரிய தசை. சும்மா ஒக்காந்திருக்கு."

"நம்ம ஆபீஸ் மாதிரியேன்னு சொல்லு."

மகள் சிரிக்கவில்லை. அளக்கும்போது அவள் சிரிப்பதில்லை. சீட் தாழ்வாக இருந்தால் பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. கீழே போகும்போதும் முழுசாக நீள்வதில்லை. இருபத்தாறு வருடம் அரை மடக்கிலேயே அழுத்திய கால். அதோடு அம்மா கம்பம் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவள். நிமிர்ந்து உட்கார்ந்தால் பிட்டத்துத் தசை சுருங்கியே இருக்கிறது, தள்ளுவதற்கு அதற்கு இழுவை கிடைப்பதில்லை. இதையெல்லாம் அவள் சொல்லப் போனாள். அம்மா கொட்டாவி விட்டாள்.

"சரி, அந்த நாற்காலில ஒக்காரு" என்றாள் மகள். "இப்ப நிமிந்தபடியே, முன்னால சாயாம எந்திரி."

எழ முயன்றாள். பாதங்கள் தரையைத் தேய்த்தன. ஆள் அசையவில்லை. மறுபடி முயன்றாள். முகம் சிவந்தது.

"என்னடி இது, ஒட்டிப்போச்சா?"

"இப்ப முன்னால சாஞ்சு எந்திரி."

எழுந்துவிட்டாள். சுலபமாக.

"பாத்தியா? இடுப்பை மடக்கி முன்னால சாயும்போதுதான் பின்பக்கத் தசை வேலைக்கு வரும். வண்டிலயும் அதேதான். சீட்டை ஏத்தணும். கொஞ்சம் பின்னால தள்ளணும். இடுப்புலேர்ந்து சாயணும், முதுகை வளைக்கக் கூடாது."

கொக்கியக்கா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். "நாற்காலிலேர்ந்து எந்திரிக்கிறதுக்கு இவ்வளவு படிப்பா" என்றாள். பிறகு, "ஏத்து" என்றாள்.

ஒன்பது சென்டிமீட்டர் ஏற்றினாள். இரண்டு சென்டிமீட்டர் பின்னால் தள்ளினாள். மறுபடி மிதித்தபோது முன்தொடை மலை பாதியாகத் தாழ்ந்தது. பின்தொடை எழுந்தது. பிட்டத்தின் கோடு முதன்முறையாகத் துள்ளியது. கொக்கியக்கா மிதிப்பதை நிறுத்தாமல் திரையையே பார்த்தாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு, ஐந்து.

"வலிக்குதாம்மா?"

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. வலி எங்கன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

மறுநாள் காலை அதே உயரத்தில் தெருவுக்குப் போனாள். முதல் வீட்டில் கால் எட்டவில்லை. நுனிவிரலில் தாங்கிச் சமாளித்தாள். இரண்டாவது வீட்டில் கொக்கியை மாட்டிக் குனிந்தபோது வண்டி சாய்ந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது வீட்டில் பிடிக்கச் சுவர் இல்லை. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், கொக்கி சாக்கடைக்குள். முழங்கை தோல் உரிந்தது. செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் கவசத்துக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது.

வாசலில் நின்ற ஒரு பெண்மணி, "என்னக்கா, இத்தனை வருஷமா ஓட்டற, இன்னைக்கென்ன?" என்று கேட்டுக்கொண்டே தூக்கிவிட்டாள்.

"பொண்ணு சொல்லிக் குடுத்தா. அதான்."

செயினை எடுக்கக் கையில் எதுவும் இல்லை. வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். தள்ளி நடந்தால் முட்டி விடாது. கொக்கியைச் சாக்கடையிலிருந்து எடுத்து மாட்டினாள். அந்தப் பெண்மணியிடம் ஸ்பேனர் வாங்கிச் சீட்டைப் பழையபடி இறக்கினாள். ஏறி உட்கார்ந்தாள். பெடலைத் தொடாமல், இரண்டு காலாலும் மாறி மாறித் தரையை உந்திக்கொண்டே போனாள். கோபத்தில் உந்தினாள். தெருமுனை திரும்பியது. கடைவீதி கடந்தது. வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் நின்று யோசித்தாள்.

மகள் அன்று விடுப்பில் இருந்தாள். முழங்கையைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"நீ மிதிக்கிறதை அளந்த" என்றாள் அம்மா. "நிக்கிறதை அளந்தியா? என் வேலை மிதிக்கிறதாடி? இருநூத்திப் பதினாலு தடவை நிக்கிறதுதான் என் வேலை."

அந்தக் கருவிக்கு முன்னால் யாரும் நின்றதில்லை. எல்லாரும் நடந்தார்கள், ஓடினார்கள், மிதித்தார்கள். நிற்பதை அளக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வேணாம்மா. விட்டுடு. புகார் அறைக்கே போ. இன்னொரு தடவை விழுந்தா எலும்பு உடையும்."

"நீயுமா?" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய் முழங்கையைக் கழுவினாள். தண்ணீர் எரிந்திருக்க வேண்டும். சத்தம் எதுவும் வரவில்லை. பிறகு அங்கிருந்தே கேட்டாள்:

"ஒண்ணு சொல்லு. நான் இங்க வரைக்கும் காலால உந்திக்கிட்டே வந்தேன். மிதிக்கவே இல்ல. முட்டி வலிக்கல. ஏன்?"

மகள் நிமிர்ந்தாள்.

"எப்படி உந்துன?"

"இப்படித்தான். காலை முன்னால வெச்சு, பின்னால தள்ளி..."

"பின்னால தள்ளறது முன்தொடை இல்ல. பின்தொடையும் பிட்டமும்தான். முட்டி பெருசா மடங்கவும் இல்ல." சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். "அம்மா. வீடு நெருக்கமா இருக்கற தெருவுல நீ மிதிக்கவே வேணாம்."

"அதைத்தானே நான் சொல்றேன். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி என்கிட்டயே திருப்பிச் சொல்றா."

ஒரே சிக்கல், உந்துவதற்குச் சீட் கீழே இருக்க வேண்டும். நீளச் சாலைக்கும் மேட்டுக்கும் மேலே இருக்க வேண்டும். மகள் சாயங்காலம் சைக்கிள் கடைக்குப் போய், சீட் கம்பியைக் கையாலேயே தளர்த்தி இறுக்குகிற லிவர் ஒன்று வாங்கி வந்தாள். ஸ்பேனர் தேவையில்லை. ஒரு திருப்பு, ஒரு இழுப்பு, ஒரு அழுத்து. சீட் கம்பியில் நகப்பூச்சால் இரண்டு கோடுகள் போட்டாள். மேல் கோடு மிதிக்க. கீழ்க் கோடு நிற்க. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது சென்டிமீட்டர்.

"செவப்புதான் இருந்துதா?" என்றாள் அம்மா. "ஐம்பத்திமூணு வயசுல என் வண்டிக்கு நகப்பூச்சு."

பன்னிரண்டு நாள் பழகினாள். ஊர் சிரித்தது. நடை பழகாத குழந்தை வண்டியை உந்துவதுபோல ஒரு வளர்ந்த பொம்பளை இரண்டு காலாலும் தத்தித் தத்திப் போனால் சிரிக்காமல் என்ன செய்யும்?

"என்னக்கா, பெடல் வாங்க மறந்துட்டியா?"

"பெடலுக்கு இன்னைக்கு லீவு."

"வண்டி உன்னை ஓட்டுதா, நீ வண்டிய ஓட்டறியா?"

"மீட்டர் ரொம்ப ஓடுதே உங்க வீட்டுல, அதைப் போய் முதல்ல பாரு."

சோதனை நாள் காலை எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் தன் ஸ்கூட்டரில் வந்து தெருமுனையில் நின்றார். ஒட்டகத்தைச் சாட்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் தூரத்தில் தன் சைக்கிளில், முட்டியைக் காதுவரை தூக்கியபடி தொடர்ந்தான்.

கீழ்க் கோடு. உந்து, நில், கொக்கி, எண், டங். உந்து, நில், கொக்கி, எண், டங். முதல் தெரு நாற்பத்திரண்டு வீடு, நாற்பது நிமிடம். மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. தெரு முடிந்ததும் லிவரைத் திருப்பினாள். மேல் கோடு. அடுத்த தெருவுக்கு எழுநூறு மீட்டர் காலி மைதானத்தை ஒட்டிய சாலை. இடுப்பை மடித்துச் சாய்ந்து மிதித்தாள். ஒட்டகம் பின்தங்கிவிட்டான்.

பதினொன்றரைக்கு நூற்று எண்பத்தாறு வீடு முடிந்திருந்தது. மேடு எதிரே நின்றது.

ஸ்கூட்டர் அவளைக் கடந்து ஏறி உச்சியில் போய் நின்றது. மேற்பார்வையாளர் கால் ஊன்றி, கைகட்டிக் காத்திருந்தார். தள்ளிக்கொண்டு வருவாள் என்று நினைத்திருப்பார். தள்ளிக்கொண்டு ஏறினால் பாதியில் அந்த முட்டி நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். மிதித்தே ஆக வேண்டும்.

மேல் கோட்டைச் சரிபார்த்தாள். சீட்டின் பின்னோரத்துக்கு நகர்ந்தாள். மார்பு ஹேண்டில்பாரை நெருங்கும்வரை சாய்ந்தாள். முதல் நூறு மீட்டர் ஓட்டத்தில் போனது. அதற்குப்பின் ஒவ்வொரு பெடலும் ஒரு தனி வேலையாக இருந்தது. வலது கால் கீழே போகும்போது அவள் முட்டியை நினைக்கவில்லை; நாற்காலியிலிருந்து எழுகிறவளாகத் தன்னை நினைத்துக்கொண்டாள். ஒரு மிதி, எழு. மறு மிதி, எழு. புகார் அறையிலிருந்து எழு. பிட்டமும் பின்தொடையும் தீயாக எரிந்தன. இருபத்தாறு வருடம் சும்மா இருந்ததற்கு ஒரே நாளில் சேர்த்து உழைத்தன. முட்டி முனகியது, கத்தவில்லை. முந்நூறாவது மீட்டரில் வண்டி தள்ளாடி ஏறக்குறைய நின்றது. கீழேயிருந்து ஒட்டகம் கத்தினான்.

"எறங்காதேக்கா! அந்தாளு பாக்குறாரு!"

அவள் இறங்கவில்லை.

உச்சியில் மேற்பார்வையாளரைக் கடக்கும்போது அவளுக்கு மூச்சு இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தைக்கு மிச்சம் வைத்திருந்தாள்.

"வழி விடுங்க சார். இன்னும் இருபத்தெட்டு வீடு இருக்கு."

பன்னிரண்டு நாற்பத்தேழுக்குப் பதிவு அறையின் மேசைமேல் புத்தகத்தை வைத்தாள். மேற்பார்வையாளர் அதைப் புரட்டி, பத்து எண்களை முந்தின மாதத்தோடு ஒப்பிட்டார். ஒன்றில் விரலை நிறுத்தினார்.

"இந்த வீட்டுல போன மாசமும் இதே நம்பர்தான். பாக்காம எழுதிட்டீங்களா?"

"அந்த மீட்டர் ஓடல சார். மூணு மாசமாச் சொல்றேன். புகார் அறைல சொல்லிப் பாத்தேன். அங்க யாரோ தூங்கிக்கிட்டிருந்தாங்க."

ஒட்டகம் கதவுக்கு வெளியே போய்ச் சிரித்தான். மேற்பார்வையாளர் ஒரு தாளை எடுத்து எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு. எழுதி முடித்து அவள் பக்கம் திருப்பினார். 'மேற்படியார் கருணை அடிப்படையில் களப்பணியில் தொடர அனுமதிக்கப்படுகிறார்.'

"கையெழுத்துப் போடுங்கம்மா."

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"இந்த வார்த்தைய அடிங்க சார்."

"எந்த வார்த்தை?"

"ஒரு தடவை போட்டுட்டேன். அன்னைக்குப் புருஷன் செத்து ஒரு மாசம், கைல நாலு வயசுக் குழந்தை. போட்டேன். இன்னைக்கு இருநூத்திப் பதினாலு வீடு எடுத்துட்டு வந்திருக்கேன். இதுல கருணை எங்க வந்துது?"

"அது சும்மா வழக்கமா எழுதறதும்மா."

"வழக்கமா எழுதறதைத்தான் அடிக்கச் சொல்றேன்."

மணி ஒன்றாகப் போகிறது. பதிவு அறைக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நாற்காலி இருந்தது. உட்காரவில்லை. மேற்பார்வையாளர் அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு 'கருணை' என்பதன் குறுக்கே கோடு போட்டார். மேலே 'தகுதி' என்று எழுதினார். ஓரத்தில் சுருக்கொப்பமும் வைத்தார்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஓய்வுபெறும்வரை ஐந்து வருடமும் தெருவில்தான் இருந்தாள். முட்டி ஆறிவிடவில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் அது சொல்கிறபடி அவள் கேட்கவில்லை, அவ்வளவுதான். கடைசி வருடம் பார்த்தால் அலுவலகக் கொட்டகையில் நிற்கும் சைக்கிள்களில் ஏழு வண்டிக்கு லிவர் இருந்தது. ஒட்டகத்தின் சீட் கம்பியில் கோடுகள் பச்சை நிறம்.

ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம் வயிற்றில் நோய் வந்தது. ஐந்து மாதம். மகள் தினமும் சாயங்காலம் வந்து கால்களை நீவிவிடுவாள். அந்தக் கால்களில் எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவள் கைக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த இடங்களில் சதை குறைந்துகொண்டே வந்தது.

"முன்தொடை போச்சில்ல?" என்றாள் அம்மா ஒரு நாள்.

"ம்."

"பின்னாடி?"

"அதுவும்தாம்மா."

"பொய். அது உழைச்ச ஒடம்பு. அளந்து சொல்லு."

மகள் பையிலிருந்து நாடாவை எடுத்துத் தொடையைச் சுற்றி அளந்தாள். முப்பத்தாறு சென்டிமீட்டர் இருந்தது. முப்பத்தொன்பது என்று சொன்னாள். தெரிந்தே தவறாகச் சொன்ன ஒரே அளவு அதுதான்.

"பாத்தியா" என்றாள் அம்மா.

அவள் போன ஆறாவது வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. புது மேற்பார்வையாளர். பொருட்பட்டியலைச் சரிபார்த்திருக்கிறார்கள், ஓய்வுபெற்றவர்கள் ஒப்படைக்காத களக்கருவிகளைத் திருப்பித் தர வேண்டும். பட்டியலில் ஒரு வரி: 'மூடி திறக்கும் கொக்கி, ஒன்று.' வாரிசுதாரர் பதினைந்து நாளுக்குள் ஒப்படைக்கவும். இயலாதவர்கள் கருணை விலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம்.

மகள் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். கூடத்தில் சைக்கிள் நின்றது. ஹேண்டில்பாரில் கொக்கி தொங்கியது. பழைய பிரேக் கம்பி. கிராதியில் கொடுத்து வளைத்த இடத்தில் அதன் பெயிண்ட் ஒட்டிய தடம் இன்னும் இருந்தது. சீட், மேல் கோட்டில்.

பதினைந்து நாள் காத்திருக்கவில்லை. அன்றே பதில் எழுதினாள்.

'ஐயா, மேற்படிக் கொக்கி அலுவலகப் பொருள் அன்று. என் தாய் தன் கையால் செய்தது. ஒப்படைக்க இயலாது. விலக்கு எதுவும் கோரவில்லை.'

கையெழுத்துப் போட்டாள். உறையில் போட்டு ஒட்டினாள். சைக்கிளை வெளியே எடுத்து, சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கும் கால் எட்டவில்லை. சுவரைப் பிடித்துக் கிளம்பி, இடுப்பை மடித்துச் சாய்ந்து, தபால் பெட்டிவரை மிதித்தே போனாள்.